கடைசி வரிசையின் தன்மானம்

குற்றவாளிக் கூண்டிலே ஏறி நிற்கிறோம், தோழர்களே! நம்மை ஏற்றியவர் எவருமில்லை, நாமே ஏறினோம். குற்றம் புரிந்தவரும் நாம், குற்றம் சாட்டுபவரும் நாம். தீர்ப்பு மட்டும் உங்களுடையது.

இடம் திருத்தணி. காலம் 2023-ஆம் ஆண்டு, ஆடிக் கிருத்திகை முடிந்து சில நாள் கழிந்த ஒரு மாலைப்பொழுது.

திருத்தணியை அறியாதார் தமிழகத்தில் குறைவு. மலை உண்டு, மலைமேல் முருகன் கோயில் உண்டு, கோயிலுக்கு 365 படிகள் உண்டு. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று பெருமை பேசுவர். ஆடிக் கிருத்திகை வந்தால் பூக்காவடி மலையை மூடும். மழித்த தலைகளில் சந்தனம் மணக்கும். அந்த ஊரிலே, மலையடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி, தோழர்களும் நாமும் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறோம். தகரக் கூரை, இரண்டு குழல்விளக்கு, சுவரிலே பெரியார், அம்பேத்கர், அண்ணா. காலையில் முதியவர்கள் வந்து நாளேடு படிப்பார்கள். மாலை 6 மணி முதல் 7.30 வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். கட்டணம் இல்லை. வருபவர்கள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், கூலி வேலைக்காரர் பிள்ளைகள், செங்கல் சூளைக்குப் போய்வருவோர் பிள்ளைகள். இருபத்திரண்டு பேர் அப்போது.

சுவரிலே ஒரு தாளும் ஒட்டியிருந்தோம். நம் கையெழுத்தால் எழுதிய ஐந்து கட்டளைகள்! நேரத்துக்கு வா. புத்தகம் கொண்டு வா. வீட்டுப்பாடம் எழுதி வா. கேட்டால் எழுந்து நின்று பதில் சொல். வகுப்பிலே பேசாதே. மனுநீதியைக் கொளுத்தியவர்களின் வழியில் வந்த நாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன மனுநீதி எழுதி ஒட்டியிருக்கிறோம் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை.

அந்தக் கட்டளைகளில் ஒன்றைக்கூட மதிக்காதவன் ஒருவன் இருந்தான். 7-ஆம் வகுப்பு. கடைசி வரிசை. நாளும் தாமதம். புத்தகம் கேட்டால், "மறந்துட்டேன் சார்." வீட்டுப்பாடம் கேட்டால், வாய் திறக்க மாட்டான். வரிசையாக ஒவ்வொருவரும் எழுந்து பாடத்தை உரக்கப் படிப்பது வழக்கம். அவன் முறை நெருங்கும்போதெல்லாம் அவனுக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் குடிக்கப் போவான். போனவன் முறை தாண்டிய பிறகே திரும்புவான். போக விடாவிட்டால் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், சண்டை மூளும், நாம் அதட்டுவோம், வெளியே நில் என்போம். வெளியே நிற்பான். அதிலே அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சோம்பேறி என்றோம். கவனமில்லாதவன் என்றோம். திமிர் பிடித்தவன் என்றும் நம் மனத்துக்குள்ளே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

அன்று மாலை அவன் வந்தபோது தலை மழிக்கப்பட்டிருந்தது. சந்தனம் காயவில்லை. நமக்கோ பகுத்தறிவுப் பெருமிதம் தலைக்கேறியிருந்தது. முந்திய நாள்தான் அதே கூரையின் கீழ் சுயமரியாதை என்பது யாது என்று இளைஞர்களுக்கு ஒரு மணி நேரம் பேசியிருந்தோம். கைதட்டலும் பெற்றிருந்தோம். எழுந்து நின்று படி என்றோம். தண்ணீர் என்றான். கூடாது என்றோம். புத்தகத்தைக் கையிலே கொடுத்தோம். வாங்கினான். நின்றான். ஒரு சொல் வரவில்லை. அப்போது நம் நாவிலிருந்து வந்தது அந்த வாக்கியம்:

"மலையேறி மொட்டை போட்டுக்கொண்டால் மட்டும் படிப்பு வந்துவிடுமா?"

வகுப்பு சிரித்தது. இருபத்தொரு பிள்ளைகளும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதை மறைத்து என்ன பயன்? அவன் புத்தகத்தை மெல்ல மூடி, பெஞ்சின்மேல் வைத்தான். பையை எடுத்தான். போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பள்ளிக்கும் போகவில்லை என்று ஐந்தாம் நாள் அறிந்தோம்.

ஆறாம் நாள் அவன் வீட்டைத் தேடிப் போனோம்.

ஊரோரத்தில் ஒரு தெரு. வீட்டின் முன்பாதி தறிக்கூடம், பின்பாதி குடித்தனம். இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேசுவதானால் காதோடு வாய் வைத்துப் பேச வேண்டும், அவ்வளவு இரைச்சல். தந்தை ஒரு தறியில். மூலையில் அந்த மொட்டைத் தலை, தார் சுற்றிக்கொண்டிருந்தது. நம்மைக் கண்டதும் தலை குனிந்துகொண்டது. கை மட்டும் நிற்கவில்லை.

நாம் தாயோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு நிகழ்ச்சி. திடீரென்று அவன் எழுந்தான், இரண்டாவது தறிக்கு ஓடினான், நிறுத்தினான். பாவிலே ஓர் இழை அறுந்திருந்தது. அறுந்த முனைகள் இரண்டையும் தேடிப் பிடித்து, நாம் கண் இமைப்பதற்குள் முடிச்சிட்டான், தறியை ஓட்டினான், மீண்டும் தன் மூலைக்கு வந்து அமர்ந்தான். "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டோம். "சத்தம் மாறிச்சு சார்" என்றான்.

இரண்டு தறிகளின் பேரிரைச்சலுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே, ஒரே ஓர் இழை அறுந்ததைக் காதால் அறிந்தவன்! அவனைத்தான் கவனமில்லாதவன் என்று சொன்னோம்! கவனமில்லாதிருந்தது யார், தோழர்களே?

வீட்டிலே தெலுங்குதான் பேச்சு. அவனுடைய அவ்வா பேசிய தமிழில் பாதி தெலுங்கு. தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவனுக்குப் படிக்க வராது சார். எழுத்துக் கூட்டத் தெரியாது. மூணாவது படிக்கிறப்ப கொரோனான்னு ஸ்கூலை மூடினாங்க. மறுபடி திறக்கறப்ப அஞ்சாவதுன்னு உக்கார வெச்சாங்க. பக்கத்துல கேட்டா அவமானம்னு யாருகிட்டயும் சொல்லலை. அதான் மலைக்கு வேண்டிக்கிட்டேன்."

அப்போதுதான் நம் கன்னத்தில் அறை விழுந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் நாள். பத்தொன்பது மாதங்கள்! கைப்பேசியும் இணையமும் உள்ள வீடுகளில் பாடம் நடந்தது. தறி மட்டும் உள்ள வீட்டில் தறிதான் நடந்தது. எழுத்தை அப்போதுதான் கூட்டத் தொடங்கியிருந்த சிறுவன், தமிழ் பேசாத வீட்டில், தமிழ்ப் புத்தகமே தொடாமல், ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தான். திரும்பி வந்தபோது அவன் அறிந்திருந்த சில எழுத்துகளும் கழன்றுபோயிருந்தன. வயது வளர்ந்தது, வகுப்பு வளர்ந்தது, அறிவிக்க வேண்டியவர்கள் அறிவிக்கவில்லை.

இப்போது அந்தத் தாகத்தின் பொருள் நமக்கு விளங்கியது. மறந்துபோன புத்தகத்தின் பொருள் விளங்கியது. கிள்ளலும் சண்டையும் எதற்கு என்பது விளங்கியது. படிக்கத் தெரியாதவன் என்று நாற்பது கண்கள் தன்னைப் பார்ப்பதைவிட, அடங்காதவன் என்று பெயரெடுப்பது மேல் என்று அவன் முடிவு செய்திருந்தான். போக்கிரி என்றால் கொஞ்சம் அச்சத்தோடு பார்ப்பார்கள்; முட்டாள் என்றால் சிரிப்பார்கள். சிரிப்பைத் தவிர்க்கச் சண்டையைத் தேர்ந்தான். வெளியே நில் என்று நாம் விதித்த தண்டனை, அவனுக்கு விடுதலை.

அவனிடம் இருந்தது சோம்பல் அன்று. திமிரும் அன்று. அதன் பெயர் தன்மானம்! நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அதே தன்மானம். படிப்பும் மொழியும் செல்வமும் இல்லாத ஒரு சிறுவன், தனக்கென்று எஞ்சியிருந்த அந்த ஒன்றை, கடைசி வரிசையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான். சுயமரியாதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நாம், மறுநாள் அதை மிதித்தோம். பெரியார் படத்தின் கீழே நின்று மிதித்தோம்.

"வேண்டுதல் மூடநம்பிக்கைதானே? அதைச் சொன்னது தவறா?" என்று கேட்கும் தோழர் இருக்கக்கூடும். கேட்கட்டும். மொட்டையால் எழுத்து வராது, அதிலே ஐயமில்லை. தேர்வுக் காலத்தில் பேனாவைப் பூசையில் வைத்து எடுத்தாலும் மை தானாக விடை எழுதாது. ஆனால் அந்தத் தாயை எண்ணிப் பாருங்கள். மகனுக்கு எழுத்து வரவில்லை என்ற துயரத்தை எங்கே சொல்வார்? பள்ளிக்கூடத்திலே சொல்ல அச்சம். படிப்பகத்திலே சொன்னால் நம்மைப்போல் ஒருவன் சிரிப்பான். மலைமேலிருக்கும் கல்தான் சிரிக்காமல் கேட்டது! மூடநம்பிக்கை எங்கே முளைக்கிறது? அறிவுடையோர் கதவைச் சாத்திய இடத்தில் முளைக்கிறது. கதவைத் திறக்காமல் கல்லை மட்டும் கேலி செய்பவன் பகுத்தறிவாளன் அல்லன், கேலிக்காரன். அந்தச் சிறுவன் தானாகத் தலையைக் கொடுத்தவனும் அல்லன். தாயின் கவலை அவன் தலையிலே எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரியாத தற்குறி நாம்.

தந்தையிடம் பேசினோம். அவர் பாடநூலை வெறுப்பவர் அல்லர். "கூலிக்கு நெய்யறோம் சார். இவன் தார் சுத்தினாத்தான் ரெண்டு தறியும் ஓடும். ஆள் வெச்சா அந்தக் கூலி யார் குடுக்கறது?" என்றார். நம்மிடம் விடை இல்லை.

வரலாறு அந்தத் தறிக்கூடத்தில் வந்து நின்றது. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொன்னது? பள்ளியிலே நாளுக்கு மூன்று மணி நேரம். எஞ்சிய நேரம் வீட்டிலே தகப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தது நம் இயக்கம். 1954-இல் அவர் பதவி விலகினார். காமராசர் முதலமைச்சராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். சட்டம் செத்தது, உண்மை. ஆனால் இந்த வீட்டிலே சட்டமில்லாமலே அது உயிரோடு இருக்கிறதே! காலையில் பள்ளி, மாலையில் தார், இரவில் தூக்கம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரம் போக மீந்த நேரத்தில் குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வறுமை என்னும் ஆச்சாரியார் இன்னும் பதவி விலகவில்லை, தோழர்களே!

அன்றிரவு நீண்ட நேரம் உறங்கவில்லை. பிள்ளை படிக்க விரும்பவில்லை என்று சொல்வது எவ்வளவு எளிது! அந்த ஒரு வரியால் ஆசிரியர் தப்பிக்கிறார், அரசு தப்பிக்கிறது, சமூகம் தப்பிக்கிறது. மாட்டிக்கொள்பவன் பிள்ளை. பழங்காலத்தில் அதற்குத் தலைவிதி என்று பெயர். சூத்திரனுக்குப் படிப்பு வராது என்பது அன்றைய வேதம்; இந்தப் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்பது இன்றைய வேதம். சொல் மாறியது, பொருள் மாறவில்லை.

நம் முன்னோடிகள் அந்த வேதத்தை எப்படி உடைத்தார்கள்? அறிவுரை கூறி உடைக்கவில்லை. பிள்ளை ஏன் வரவில்லை என்று பார்த்தார்கள். பசி என்று கண்டார்கள். 1920-இல், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் உணவு தந்தார்கள், வருகை உயர்ந்தது. காமராசர் 1956-இல் மதிய உணவைத் தமிழகப் பள்ளிகளுக்குப் பரப்பினார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 சூலை 15-இல் ஊர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த விரிவாக்கம் தொடங்கிய இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி. பசித்த பிள்ளையிடம் ஆர்வத்தை எதிர்பார்க்காதே, முதலில் சோறு போடு என்பது நூறாண்டுக்கு மேலாக நாம் கற்ற பாடம்.

ஆனால் வயிற்றுப் பசியை அறிந்த நாம், எழுத்துப் பசியை அறியத் தவறினோம். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவனின் எழுத்து இரண்டாம் வகுப்பில் நிற்கிறது. அவன்முன் ஏழாம் வகுப்புப் பாடத்தை வைத்து எழுது என்பது, பல் முளைக்காத குழந்தைக்குக் கரும்பைக் கொடுத்துக் கடி என்பது போலத்தான். கடிக்கவில்லை என்றால் அதற்குக் கரும்பிலே ஆர்வமில்லை என்பதா?

இதையும் அறிந்தவர்கள் இருந்தார்கள், நமக்கு மிக அருகிலேயே. திருத்தணி ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1953 அக்டோபர் முதல் ஆந்திர மாநிலத்தில் இருந்து, மங்கலங்கிழார், ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-இல் நம்மோடு சேர்ந்தது. அதே பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகே, ரிஷி பள்ளத்தாக்கின் ஊர்ப்புறப் பள்ளிகளில் ஒரு முறை வளர்ந்தது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படிபோல் அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து ஏறும் முறை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அதைத் தழுவிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின; சில ஆண்டுகளில் அது தமிழகமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. எல்லைக்கோடு எங்கே போட்டாலும் நல்ல முறை தாண்டி வரும் என்பதற்கு இதுவே சான்று.

கொரோனாவுக்குப் பின், 2022 சூன் 13-இல், எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிற்று. அதுவும் திருவள்ளூர் மாவட்டத்திலேதான், அழிஞ்சிவாக்கம் பள்ளியில். 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையறிந்து கற்பிக்கும் திட்டம். நல்லது! ஆனால் நம் சிறுவன் அந்தச் சூனில் 6-ஆம் வகுப்பு. திட்டம் அவனுக்குப் பின்னால் வந்து நின்றது. அவன் முன்னால் போய்விட்டான். 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு அடிப்படைப் பயிற்சி தரும் 'திறன்' திட்டம் வந்தது 2025-26 கல்வியாண்டில். இடையிலே விழுந்தவர்களை யார் தூக்குவது? நாம்தான், தோழர்களே! படிப்பகம் எதற்கு இருக்கிறது?

மறுநாள் மாலை முதல் வேலை, மன்னிப்பு. தனியே கேட்பது எளிது. கேலி செய்தது இருபத்தொரு பேர் முன்னிலையில். ஆகவே மன்னிப்பும் அவர்கள் முன்னிலையிலே கேட்க வேண்டும் என்று அவன் வீட்டிலே சொன்னோம். அவன் வரமாட்டேன் என்றான். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வாசலிலே நின்றான். உள்ளே அழைத்தோம். "சென்ற வாரம் நாம் பேசியது தவறு. அவனுக்குத் தெரியாதிருந்தது எழுத்து, நமக்குத் தெரியாதிருந்தது நாகரிகம்" என்றோம். யாரும் சிரிக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது என்று படித்துக் காட்டினோம். "அப்படின்னா எங்க சாரைப் பிடிச்சுக் குடுக்கலாமா சார்?" என்று முன்வரிசைப் பெண்ணொருத்தி கேட்டாள். முதலில் நம்மைப் பிடித்துக் கொடு என்றோம். இம்முறை எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான்.

இரண்டாவது வேலை, சுவரிலிருந்த ஐந்து கட்டளைகளைக் கிழித்தது. கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும்! கட்டுப்பாடில்லாத இயக்கமும் உருப்படாது, வகுப்பும் உருப்படாது. ஆனால் கட்டுப்பாடு, ஏற்றுக்கொண்டவனைத்தான் கட்டும். விதிகளை நீங்களே எழுதுங்கள் என்றோம். வாதாடினார்கள், இரண்டு மாலை. முடிவில் மூன்று விதிகள் தேறின. வர முடியாவிட்டால் சொல்லி அனுப்புவது. ஒருவர் படிக்கும்போது மற்றவர் சிரிக்கக் கூடாது. தெரியாது என்று சொன்னால் அடுத்தவர் உதவ வேண்டும். நம் ஐந்தில் ஒன்றும் அதில் இல்லை. நம் ஐந்தைவிட அவர்களுடைய மூன்று உறுதியாக நின்றன. தெரியாது என்று சொல்வது வெட்கக்கேடு அன்று என்று விதி வந்த நாளிலேயே, இன்னும் நால்வர் தங்களுக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். நால்வர்! அவர்களில் ஒருத்தி முதல் வரிசை. அழகாகப் பார்த்து எழுதுவாள்; ஒரு சொல் படிக்கத் தெரியாது. அமைதியான பிள்ளை என்று பாராட்டியிருந்தோம். அடங்காதவனை நாம் பார்க்கவாவது செய்தோம், அடங்கியவளைப் பார்க்கவேயில்லை!

மூன்றாவது வேலை, படிகளைக் குறுக்கியது. மலைக்கு 365 படிகள் என்றால் எவரும் ஒரே தாவலில் ஏறுவதில்லை. டிசம்பர் 31 இரவு நடக்கும் படித்திருவிழாவில் ஒவ்வொரு படியாகப் பாடி ஏறுவார்கள். கல்லைத் தேடுபவர்களுக்கு இருக்கும் அந்தப் பொறுமை, கல்வியைத் தரும் நமக்கு வேண்டாமா? ஒரு மாலைக்கு ஒரு சிறு படி என்று வகுத்தோம். அவனுக்கு முதல் பாடம், அவன் அறிந்த சொற்கள்: தறி, தார், பாவு, இழை, நூல், ஓடம். தான் நாளும் தொடும் பொருள்களின் பெயர் எழுத்திலே எப்படியிருக்கும் என்று கண்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தமிழிலே தெரியாததைத் தெலுங்கிலே சொல் என்றோம். தமிழிலே எழுதிக் காட்டினோம். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கற்க வேண்டும். கற்க வேண்டியதுதான். ஆனால் தாய்மொழியின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொல்லும் நாம், பிறமொழித் தாயின் மடியிலிருந்து வரும் பிள்ளைக்கு அன்போடு தமிழைத் தராமல் வேறு யார் தருவது?

பரிசு கொடுத்தால் ஊக்கம் வருமே என்று தோழர் ஒருவர் பேனா வாங்கி வந்தார். எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1973-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள், படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்ட சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், தந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். கூலி பேசியதும் விளையாட்டு வேலையாயிற்று! எழுத்தே தெரியாதவனுக்குத் தொடக்கத்தில் ஒரு தூண்டுதல் தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆயினும் பேனாவைப் பரிசாகத் தரவில்லை. எழுதத் தேவை என்று எல்லோருக்கும் தந்தோம். பரிசுக்குப் பதில் ஒரு நோட்டு வைத்தோம். இன்று படித்த சொற்கள் எத்தனை என்று அவனே அதில் குறிப்பான். நேற்றைய தன்னோடு மட்டும் போட்டி. பக்கத்துப் பையனோடு இல்லை.

நம்மைக் குத்திய இன்னோர் ஆய்வும் உண்டு. 1968-இல் ராபர்ட் ரோசென்தால் என்னும் உளவியலாரும் லெனோர் ஜேக்கப்சன் என்னும் பள்ளித் தலைமையாசிரியரும் வெளியிட்டது. கண்ணை மூடிப் பொறுக்கிய சில மாணவர்களின் பெயரை ஆசிரியர்களிடம் தந்து, இவர்கள் இவ்வாண்டு மலர்ந்து முன்னேறுவார்கள் என்று சொன்னார்கள். ஆண்டிறுதியில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். அதன் அளவைப் பற்றிப் பின்னர் அறிஞர்களிடையே சண்டை உண்டு. ஆனால் கேள்வி நிற்கிறது: திமிர் பிடித்தவன் என்று நாம் மனத்துக்குள் எழுதிய தீர்ப்பை, அவன் நம் முகத்திலே படிக்காமலா இருந்திருப்பான்? புத்தகம் படிக்கத் தெரியாதவன், முகம் படிப்பதில் வல்லவன்!

கூலிச் சிக்கல் எப்படித் தீர்ந்தது? முழுதும் தீரவில்லை. 6 முதல் 7.30 வரை அவனை விடுவது என்று தந்தையோடு உடன்பாடு. ஈடாக, தோழர்கள் இருவர் முறைவைத்து அந்த நேரத்தில் தார் சுற்றப் போனார்கள். முதல் வாரம் அவர்கள் சுற்றிய தாரைப் பார்த்து அவ்வா சிரித்தாராம். நன்று! கற்பிக்கப் போனவர்கள் கற்கவும் வேண்டும் அன்றோ?

திருத்தணியில் 1888-இல் பிறந்த இராதாகிருட்டிணன் குடியரசுத் தலைவரானார். அவர் பிறந்த செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் நாள். அவருடைய வேதாந்தம் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் வாழ்விலே ஒரு செய்தி உண்டு. வசதியில்லாத மாணவர் அவர். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடநூல்களைக் கொடுத்ததால், அதையே பாடமாக எடுத்தார். ஊர் மக்கள் முருகன் அருள் என்பார்கள். நாம் சொல்வோம்: கையிலே புத்தகம் கொடுத்த அந்த உறவினர்! மலையை நோக்கும் கண்கள் அந்தக் கையைக் காண்பதில்லை.

இனி அவன் நிலை. 2024 சனவரியில் ஒரு மாலை, தண்ணீர் கேட்காமல் எழுந்து நின்றான். நாளேட்டிலிருந்து ஆறு வரி படித்தான். ஆறு வரிக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். நடுவே இருமுறை நின்றான். இருமுறையும் பக்கத்துப் பையன் சொல்லைத் தந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. விதி நின்றது! 2025 சூனில் 9-ஆம் வகுப்புக்குப் போனான். இன்றும் எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. கணக்கு விரைவாக வருகிறது. பள்ளியிலே முதல்வன் ஆனான் என்று எழுத ஆசைதான், அது பொய்யாகும். அன்று எழுத்துத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட நால்வரில் ஒருவன் நடுவிலே நின்றுவிட்டான். குடும்பம் சூளைக்குப் போனது. எந்த ஊர்ச் சூளை என்று தேடியும் தெரியவில்லை. அவன் உட்கார்ந்த இடம் இன்னும் நம்மை முறைக்கிறது.

இவ்விடத்திலே எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். தேர்ச்சியை நிறுத்தினால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்று இன்று பலர் பேசுகிறார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் தோற்றவரை நிறுத்தி வைக்க விதி செய்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. நம் சிறுவனை 5-ஆம் வகுப்பிலே நிறுத்தியிருந்தால் எழுத்து வந்திருக்குமா? தறிதான் வந்திருக்கும்! பிரம்பு என்று முன்னர்ப் பெயர். தோல்வி என்று இப்போது பெயர். தெரியாமல் மேலே அனுப்புவதும் குற்றம். தெரியவில்லை என்று கீழே தள்ளுவதும் குற்றம். தெரியச் செய்வது ஒன்றே வழி. அது கடினம். அதனால்தான் மற்ற இரண்டையும் பேசுகிறார்கள்.

இளந்தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு படிப்பகம் இருக்கும். அதன் சுவரிலும் நம் தலைவர்கள் இருப்பார்கள். அங்கே மாலையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், கடைசி வரிசைக்குப் போய் உட்காருங்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். எதுவரை தெரியும் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போங்கள், தறியின் சத்தத்தையும் சூளையின் புகையையும் கண்டு வாருங்கள். மூடநம்பிக்கையைத் தாக்குங்கள், தயங்காமல் தாக்குங்கள். அதற்கு இரையான தலையை மட்டும் தாக்காதீர்கள்.

நம் மீதான வழக்கு இதுதான். தண்டனையையும் நாமே ஏற்றுக்கொண்டோம்: வாரத்தில் ஒரு மாலை, பாடம் சொல்ல இன்னொருவரை வைத்துவிட்டு, நாம் கடைசி வரிசையில் உட்காருகிறோம். சென்ற வாரம் பக்கத்திலே ஒரு புதுப் பையன். அவன் முறை நெருங்கியது. "சார், தண்ணி" என்றான்.

நம் குவளையை அவன் பக்கம் நகர்த்தினோம். "இங்கேயே குடி. எதுவரை தெரியும், சொல்" என்றோம்.